பட்டியலில் 0.21, வகுப்பில் 52 பேர்

வாசகர் கேள்வி

சேலம் சிவதாபுரம் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். (அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.) கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் 9ஆம் வகுப்பு, ஆங்கில வழி. அரையாண்டில் தமிழ் 71, சமூக அறிவியல் 44, அறிவியல் 38, கணக்கு 29. "படிக்காத பிள்ளை இல்லை. சாயங்காலம் 6 மணியிலிருந்து எட்டரை வரை டியூஷன், வந்து சாப்பிட்டுவிட்டு 11.30 வரை கலர் பேனாவால் கோடு போட்டுப் போட்டுப் படிக்கிறாள், காலையில் 4.30க்கு நானே எழுப்பிவிடுகிறேன். பரீட்சையில் எல்லாம் மறந்துபோகிறது" என்கிறார்.

வகுப்பில் 52 பேர் இருப்பதைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டிருக்கிறார். முதல்வர் திரையில் ஒரு பட்டியலைக் காட்டி, "வகுப்பில் எத்தனை பேர் என்பதற்கும் படிப்புக்கும் பெரிய சம்பந்தமில்லை, வெறும் 0.21தான். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் நிரூபித்துவிட்டார்" என்றாராம். அதோடு, "அடுத்த வருஷம் பப்ளிக். இப்படியே போனால் ஃபெயில்தான். ஒன்பதாவதையே இன்னொரு வருஷம் படிக்கட்டும், இல்லையென்றால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லியிருக்கிறார். ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளி, வகுப்புக்கு 24 பேர்தான், நகையை அடகு வைத்துச் சேர்த்துவிடலாமா என்பது சகோதரியின் யோசனை. கொழுந்தனாரோ, விரல் ரேகை வைத்து மூளையைக் கணிக்கும் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். "நான் எட்டாவதோடு நின்றவள். என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது. எதை நம்புவது?" என்று கேட்டு, கணக்குத் தாளின் இரண்டு பக்கங்களைப் படம் பிடித்தும் அனுப்பியிருக்கிறார்.

பதில்

அன்புச் சகோதரிக்கு,

நல்ல வேளை, அந்தத் தாளை அனுப்பினீர்கள். பள்ளி மதிப்பெண் போட்டது, டியூஷன் அதே பாடத்தை மறுபடி நடத்தியது, வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டீர்கள். பிள்ளை எந்த வரியில் தடுக்கி விழுகிறாள் என்று மட்டும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பள்ளியை மாற்றுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகுதான் பேச முடியும்.

அந்தப் பட்டியல்

அது ஜான் ஹாட்டி என்பவருடையது. நியூசிலாந்துக்காரர். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்துவிட்டு 2011இல் மெல்போர்னுக்குப் போனவர். பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்துச் சராசரி சொல்வதைத் தொகுப்பாய்வு என்பார்கள். அப்படிப்பட்ட 800க்கும் மேற்பட்ட தொகுப்பாய்வுகளை மறுபடியும் கூட்டி, மாணவர் கற்றலைப் பாதிக்கும் 138 காரணிகளை வரிசைப்படுத்தி 2009இல் ஒரு நூலாக வெளியிட்டார். லேசான உழைப்பல்ல, ஆளும் போலி அல்ல. ஆனால் அவருடைய எண்கள் என்ன சொல்கின்றன என்று தெரியாமல் திரையில் காட்டினால் வினைதான்.

0.21 என்பது 21 சதவீதம் அல்ல. இரண்டு குழுக்களின் சராசரி மதிப்பெண்ணுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை, மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றனவோ அந்த அளவால் வகுத்தால் வருவது. ஒரு வகுப்பின் சராசரி 55, சிதறல் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.21 என்றால் சுமார் 3 மார்க். ஹாட்டி 'இதற்கு மேல் இருந்தால்தான் கவனிக்கத் தக்கது' என்று கோடு கிழித்த 0.40 என்றால் 6 மார்க். பட்டியலில் மேலே இருக்கும் பின்னூட்டம், அதாவது மாணவர் செய்ததைப் பார்த்து 'இங்கே சரி, இங்கே தவறு, அடுத்து இதைச் செய்' என்று சொல்வது, 0.73. அது 11 மார்க். 2020இல் ஹாட்டியே வேறு இருவரோடு சேர்ந்து மறுபடி கணக்கிட்டபோது இந்த 0.73 என்பது 0.48ஆக இறங்கியது. கல்லில் செதுக்கிய எண்கள் அல்ல இவை.

உங்கள் வீட்டுத் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கொலுசு, அரைஞாண், விளக்கு என்று பல டச் (சுத்த அளவு) உள்ள வெள்ளியை ஒரே மூசையில் போட்டு உருக்கினால் ஒரு டச் வரும். அதை வைத்து உள்ளே போன கொலுசு என்ன டச் என்று சொல்ல முடியுமா? ஹாட்டியின் மீது வந்த முக்கியமான குறையும் இதுதான். சில வாரமே நடந்த சோதனை, வருஷக்கணக்கில் நடந்த சோதனை, ஒப்பிட வேறு குழுவே இல்லாமல் 'முன்னே, பின்னே' என்று மட்டும் அளந்த சோதனை எல்லாம் ஒரே மூசையில் விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் ஸ்லாவின் 2018இல் இதைக் கடுமையாகவே எழுதினார்.

வீட்டுப்பாடத்தைப் பாருங்கள். பட்டியலில் 0.29. ஆனால் ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் வகுப்பு வாரியாகப் பிரித்துக் காட்டியதில் 4 முதல் 6ஆம் வகுப்பு வரை 0.15, 7 முதல் 9 வரை 0.31, 10 முதல் 12 வரை 0.64. சராசரியை மட்டும் படித்தவர் வீட்டுப்பாடமே வேண்டாம் என்பார். உங்கள் மகளோ அது அதிகம் உதவத் தொடங்கும் வயதை எட்டிக்கொண்டிருக்கிறாள்.

52 பேர் வகுப்பு

முதல்வர் சொன்னதில் பாதி உண்மை. வகுப்பைச் சிறிதாக்கினால் கிடைக்கும் பலன் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்பது பல ஆய்வுகளில் வருகிறது. ஆனால் அங்கே 'பெரிய வகுப்பு' எது? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய புகழ்பெற்ற சோதனையில் சிறிய வகுப்பில் 13 முதல் 17 பேர், பெரிய வகுப்பில் 22 முதல் 25 பேர். அதுவும் யுகேஜி வயதிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைதான். நீங்கள் ஆசைப்படும் ஏற்காட்டு வகுப்பு அந்தச் சோதனையின் பெரிய வகுப்பு! 52 பேர் வகுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு அந்தச் சோதனையில் பதில் கிடையாது.

இன்னொன்று. எண்ணிக்கை குறைந்தும் ஆசிரியர் பழையபடி கரும்பலகையைப் பார்த்தே நடத்திக்கொண்டிருந்தால் பலன் வராது என்பது ஹாட்டியே கொடுக்கும் விளக்கம். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு கணக்கு நோட்டை ஒழுங்காகத் திருத்த 3 நிமிஷம் என்றால் 52 நோட்டுக்கு 156 நிமிஷம், இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அந்த ஆசிரியருக்கு இன்னும் இரண்டு மூன்று செக்ஷன் இருக்கும். அதனால்தான் நோட்டில் வெறும் டிக்கும் கையெழுத்தும் மட்டும் வருகின்றன. கீழ்வரிசையில் இருக்கும் 'வகுப்பின் அளவு' என்பதன் வழியாகத்தான் மேல்வரிசையில் இருக்கும் 'பின்னூட்டம்' உள்ளே வரவேண்டும். இரண்டும் தனித்தனி வரிகளாகத் திரையில் தெரிவதால் தனித்தனி விஷயங்கள் ஆகிவிடாது.

ஒன்பதாவதை மறுபடி படிப்பது

முதல்வர் காட்டிய அதே பட்டியலில் இன்னும் கீழே போயிருந்தால், ஒரே வகுப்பில் மறுபடி உட்கார வைப்பது என்ற வரி இருக்கும். அதன் எண் மைனஸ் 0.16. பலன் குறைவு என்பதல்ல, பூஜ்யத்துக்கும் கீழே. வகுப்பின் அளவுக்குப் பட்டியலை நம்பச் சொல்கிறவர் இதற்கும் நம்பத்தானே வேண்டும்? கூடுதல் பயிற்சியும் தனிக் கவனிப்பும் சேர்த்துக் கொடுத்த சில இடங்களில் பலன் நன்றாகவே வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே ஆசிரியர், அதே 52 பேர், அதே நோட்டு என்றால் பிள்ளைக்குப் புதிதாகக் கிடைப்பது தன்னைவிட ஒரு வயது சிறியவர்களோடு உட்காரும் கூச்சம் ஒன்றுதான்.

'ஃபெயில் போடவே சட்டத்தில் இடமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு 8ஆம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாவதில் பள்ளி நிறுத்திவைக்க முடியும். ஆகவே சட்டத்தைக் காட்டி மிரட்டப் போகாதீர்கள். ஆனால் 'டிசி வாங்கிக்கொள்ளுங்கள்' என்பதை வாயால் சொல்வது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு. தேர்ச்சி விதி என்ன, எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள், ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு மறுதேர்வு உண்டா என்று ஒரு கடிதம் எழுதி, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் சேலம் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் கேட்டும் வழிமுறை தெரிந்துகொள்ளலாம். பள்ளியோடு சண்டை போட இதைச் சொல்லவில்லை. எழுத்தில் கேட்டால் பேச்சின் சூடு தணிந்து விதி என்னவோ அது வெளியே வரும்.

ஏற்காடு

இதில் நீங்கள் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பள்ளி எந்தப் பாடத்திட்டம் என்று கடிதத்தில் இல்லை. சிபிஎஸ்இயோ ஐசிஎஸ்இயோ என்றால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒன்பதாவதிலேயே மாணவர் பெயரைப் பதிவு செய்துவிடுவார்கள். வேறு வாரியத்திலிருந்து நேரே பத்தாவதில் சேர்ப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. பெரும்பாலும் 'ஒன்பதாவதில் சேருங்கள்' என்பார்கள். அதாவது எதைத் தவிர்க்கப் பார்க்கிறீர்களோ அதையே நகையை அடகு வைத்து வாங்குவதாக முடியும். பாடப் புத்தகமும் மாறும், அடித்தள இடைவெளியும் அப்படியே இருக்கும்.

போய்ப் பார்ப்பதாக இருந்தால் மலையையும் குளிரையும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டு இரண்டைக் காட்டச் சொல்லுங்கள். திருத்தத்தில் வெறும் டிக் இருக்கிறதா, தவறின் காரணம் எழுதியிருக்கிறதா, பிள்ளை அதை மறுபடி செய்திருக்கிறதா? இந்த மூன்றும் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் அதிகம் பேசப்படாத வழி ஒன்று இருக்கிறது. மெட்ரிக், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி எல்லாவற்றுக்கும் பத்தாவதில் ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு. ஒன்பதாவது தேர்ச்சியோடு சேலத்திலேயே அப்படி ஒரு பள்ளியில் ஜூனில் சேர்த்தால் புத்தகம் மாறாது. அங்கேயும் முதலில் நோட்டைப் பாருங்கள்.

ரேகை டெஸ்ட்

வேண்டாம். விரல் ரேகைக்கும் படிப்புத் திறனுக்கும் தொடர்பு இருப்பதாக அறிவியல் ஆதாரம் கிடையாது. 'உங்கள் பிள்ளை கண்ணால் கற்பவள், காதால் கற்பவள்' என்று பிரித்து அதன்படி நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்கும் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கொழுந்தனார் வருத்தப்படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

இனி அந்தத் தாள்

இரண்டாம் பக்கத்தில் −3(x − 4) + 2x = 7 என்ற கணக்கு. மகள் எழுதியது: −3x − 12 + 2x = 7. அதிலிருந்து −x = 19, x = −19. சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி, பூஜ்யம், பக்கத்தில் 'கவனமின்மை'. உண்மையில் அவள் செய்தது ஒரே தவறு. −3ஐ −4ஆல் பெருக்கினால் +12 வரவேண்டும். அதற்குப் பிந்தைய ஒவ்வொரு அடியும் சரி. குறி மட்டும் சரியாக இருந்திருந்தால் x = 5 என்று முடித்திருப்பாள். அதே பக்கத்தில் கீழே 5 − (2y − 3) என்பதை 5 − 2y − 3 என்று எழுதியிருக்கிறாள். கவனக்குறைவு என்றால் தவறு அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். இது அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வரும்போதெல்லாம் வருகிறது. ஆக, பாடத்தில் ஓட்டை. பிள்ளையின் குணத்தில் அல்ல.

ஓட்டை எந்த வகுப்பில் என்பதையும் கண்டுபிடிக்கலாம். −3 × −4 எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். −12 என்றால் ஏழாம் வகுப்பில் முழுக்களை (மைனஸ் எண்களும் சேர்ந்தவை) பெருக்கும் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். 12 என்று உடனே சொன்னால் பெருக்கல் தெரியும், அடைப்பை விரிப்பதில்தான் தடுக்கல். அங்கிருந்து தொடங்கினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, 6, 7, 8ஆம் வகுப்புப் புத்தகங்களில் முழுக்கள், பின்னம், இயற்கணிதம் ஒவ்வொன்றிலும் பத்துக் கணக்கு எடுத்துக் கொடுங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம். 8 சரியென்றால் மேலே போகலாம். 5க்குக் கீழே என்றால் அந்த வகுப்பில்தான் அவளுடைய கணக்கு நின்றுபோயிருக்கிறது. இந்தப் புத்தகங்கள் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ் வழிப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 71 வாங்குகிற பிள்ளை அறிவியலில் 38 என்றால், பாடம் புரியவில்லையா, ஆங்கில வாக்கியம் புரியவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே பத்தியைத் தமிழில் படித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

அடுத்தது, பிழை நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: நான் எழுதியது, எங்கே மாறியது, சரியாக மறுபடி செய்தது. பக்கத்தில் தேதி. அதே வகைக் கணக்கை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் பார்க்காமல் செய்ய வேண்டும். நான்கு முறையும் சரியாக வந்தால் அந்தப் பக்கத்தை அடித்துவிடலாம். ஒரே ராத்திரியில் இருபது கணக்குப் போடுவதைவிட இப்படி இடைவெளி விட்டு ஐந்து ஐந்தாகப் போடுவது நிற்கும்.

கலர் பேனாவை என்ன செய்வது என்கிறீர்களா? பத்துப் படிப்பு முறைகளை 2013இல் ஜான் டன்லாஸ்கி குழு அலசியதில், அடிக்கோடு போடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசை. மறதிக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் செய்த சோதனையில் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்களுக்கு ஐந்து நிமிஷம் கழித்து 81 சதவீதம் நினைவிருந்தது. ஒரு முறை படித்துவிட்டு, பிறகு மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 75தான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. ராத்திரி 'எல்லாம் தெரியுது' என்று தோன்றுவதும் பரீட்சை ஹாலில் காணாமல் போவதும் இதனால்தான்.

இங்கேதான் 'எட்டாவதோடு நின்றவள்' என்ற உங்கள் கவலைக்கு வேலையில்லை. நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். "புக்க மூடிட்டு, இன்னிக்கு என்ன படிச்சேன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு சாமி." பத்து நிமிஷம். தடுக்கினால் திட்டாமல் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றால் அவள் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். அதற்கு எட்டாவது தாராளமாகப் போதும்.

இரண்டு சொல் மட்டும் வீட்டில் வேண்டாம்: 'புத்திசாலி', 'கவனமே இல்லை'. பின்னூட்டம் என்றாலே நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். 1996இல் க்ளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான இடங்களில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது அப்படி ஆகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'இந்த மைனஸ் மாறலையே' என்று சொல்லுங்கள், போதும்.

டியூஷன் பற்றி ஒரே கேள்வி. அங்கே எத்தனை பேர்? ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதற்கு நல்ல பலன் உண்டு என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. கூடத்தில் முப்பது பேரை வைத்துப் பள்ளிப் பாடத்தை இரண்டாம் முறை ஒப்பிப்பது அதுவல்ல. வாரம் ஆறு நாளை இரண்டு நாளாக்கி, அதே பணத்துக்கு அவளுடைய பிழை நோட்டை வைத்துச் சொல்லிக்கொடுக்கிற ஆளைத் தேடுங்கள். கல்லூரியில் கணக்குப் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா கூடப் போதும். மிச்சமாகும் நேரத்தில் பத்தரைக்குப் படுக்கட்டும், ஆறரைக்கு எழட்டும். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். நீங்கள் இப்போது கொடுப்பது ஐந்து.

ஆண்டுத் தேர்வுக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. நாளைக்கே கணக்கு டீச்சரைப் பார்த்து, மொத்த நோட்டையும் திருத்தச் சொல்லாமல், வாரம் ஒரே ஒரு கணக்கில் எங்கே மாறியது என்று ஒரு வரி எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். 52 பேருக்கு நடுவிலும் அது முடியும். ஏப்ரலில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தத்தை விடுங்கள், அந்தக் கழித்தல் குறி சரியாகியிருக்கிறதா? ஆகியிருந்தால் அந்தத் தாளையும் பிழை நோட்டையும் எடுத்துக்கொண்டு முதல்வரிடம் பத்தாவது கேளுங்கள். இத்தனை செய்தும் எளிய கூட்டல் கழித்தலே தடுமாறுகிறது, எண்களை இடம் மாற்றி எழுதுகிறாள் என்றால் அது வேறு விஷயம். அப்போது கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று ஒரு மருத்துவ உளவியலாளரிடம் முறைப்படி சோதிக்க வேண்டும். அதுவரை நகை பீரோவிலேயே இருக்கட்டும்.